கணுக்கால் வரை சந்தோஷம்

மோர்மிளகாய்க்கு வேண்டியது மூன்றே சாமான்: மிளகாய், உப்புப் போட்ட மோர், சென்னை வெயில். முதல் இரண்டையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். மூன்றாவது மொட்டைமாடியில் இலவசம். பகலெல்லாம் காயவைத்து, ராத்திரி திரும்ப மோரில் போட்டு, மறுநாள் மறுபடி மாடி. மோர் வற்றி மிளகாய் வெளுக்கிற வரைக்கும் இந்தப் போக்குவரத்து நடக்கும். மிளகாய்க்கு வெயில் போதவில்லை என்று எங்கள் மடிப்பாக்கத்தில் யாரும் குறைப்பட்டு நான் கேட்டதில்லை, 2023 ஜூன் வரைக்கும்.

அந்த வருஷத்து வெயில் உங்களுக்கும் நினைவிருக்கும். கத்திரி முடிந்த பிறகும் முடியாத வெயில். பள்ளிக்கூடம் திறப்பதையே இரண்டு தடவை தள்ளிப்போட்டார்கள். நாலாம் வகுப்புப் போகிற என் பையனுக்கு 14-ஆம் தேதி, புதன்கிழமைதான் திறந்தது. அம்மா அந்தத் தள்ளிப்போடலை நம்பித்தான் இரண்டு கிலோ மிளகாயைக் கீறி மோரில் போட்டார். அரசாங்கமே வெயில் என்று ஒத்துக்கொண்ட பிறகு சந்தேகம் எதற்கு?

18-ஆம் தேதி ஞாயிறு ராத்திரி மழை பிடித்தது. முதல் அரை மணி நேரம் எங்கள் அடுக்குமாடியே கல்யாண வீடு. "என்னங்க, ஏசியை அணைங்க, ஜன்னலைத் திறங்க" என்று மனைவி குரல் கொடுத்தாள். ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் கரண்ட் மீட்டர் மூச்சு விட்டது அன்றுதான். மண் வாசனை வந்தது. பஜ்ஜிக்கு வாழைக்காய் இருக்கிறதா என்று பேச்சு வந்தது. "மிளகாய்!" என்று அம்மா அலறியதும் நான்கு பேரும் மாடிக்கு ஓடினோம்.

அன்று மாடியிலேயே விட்டுவிட்ட மிளகாய் மழைநீரில் நீந்திக்கொண்டிருந்தது. அள்ளி வந்து ஹாலில் பழைய வேட்டி விரித்து, ஃபேனை ஐந்தில் வைத்தோம். மோர்மிளகாயைக் காற்றாடிக்கு அடியில் காயவைத்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு தும்மல் உண்டு. அது மூக்கில் தொடங்குவதில்லை, தொண்டைக்குப் பின்னால் எங்கிருந்தோ புறப்பட்டு வரும். நான் தும்ம, பையன் தும்ம, கீழ்வீட்டுக்காரர் "சார், யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று போனில் கேட்டார்.

மழைமேல் உள்ள பிரியம் மாடிக்கு மாடி கூடும் என்பது என் நெடுநாள் ஆராய்ச்சி. நள்ளிரவுக்கு மேல் மூன்றாம் மாடிக்காரர் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், "ஊட்டி மாதிரி இருக்கு! என்ஜாய்!" என்று போட்டார். இரண்டாம் மாடி ஒரு இதயம் போட்டது. தரைத்தளக்காரரிடமிருந்து பதிலே இல்லை. அவரும் அவர் மைத்துனருமாக ஃபிரிட்ஜைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் மாடிக்காரனான நான் இரண்டும் கெட்டான். ஜன்னல் வழியே ரசிப்பேன், படிக்கட்டு வழியே பயப்படுவேன். கீழிருந்து நான்காவது படி எங்கள் வீட்டு அளவுகோல். தண்ணீர் அதைத் தொட்டால் மழை மோசம், தொடாத வரை இயற்கையின் கொடை.

ரசிக்கவும் பயப்படவும் காரணம் இருக்கிறது. 2015 டிசம்பரில் இதே தெருவில் நான் படகில் போயிருக்கிறேன். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் என்று ரயிலில் தண்ணீர் வந்தது. முக்கால் பக்கெட் தண்ணீரில் குளித்து, அதே தண்ணீரைச் செடிக்கு ஊற்றினோம். ஆகவே மழை வந்தால் 2019-இல் வேண்டிக்கொண்டவன் கைதட்டுவான், 2015-இல் படகேறியவன் பெட்டி கட்டுவான். இருவரும் ஒரே லுங்கியில் இருப்பதுதான் சிக்கல்.

அக்டோபர், நவம்பர் என்றால் நாங்கள் தயார். மெழுகுவர்த்தி, பிரெட், பவர் பேங்க், காரை வேளச்சேரி பாலத்தில் ஏற்றிவிடுவது எல்லாவற்றுக்கும் பழக்கம் இருக்கிறது. ஜூனில் யார் மெழுகுவர்த்தி வாங்குவார்கள்? எதிர்வீட்டு சார் மட்டும் முன்ஜாக்கிரதையாக ராத்திரி இரண்டு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனார். நவம்பரில் வரிசையாகக் கார்கள் நிற்கும் இடம். அன்று அவருடையது ஒன்றுதான். வண்டி பழுதாகி நிற்கிறது என்று நினைத்து, நனைந்தபடி வந்த இரண்டு நல்லவர்கள் இறங்கித் தள்ளிவிட்டிருக்கிறார்கள். மறுக்கக் கூச்சப்பட்டு, பாலத்திலிருந்து கீழே இறங்கும் வரை சும்மா உட்கார்ந்திருந்தாராம்.

விடிந்து பார்த்தால் மீனம்பாக்கத்தில் ஏறக்குறைய 16 செ.மீ. என்றார்கள். 1996 ஜூனில் இதைவிடப் பெரிதாகக் கொட்டியதை அம்மா விரிவாகச் சொன்னார். அந்த வருஷ ஊறுகாய் என்ன கதியானது என்பதும் அதில் அடக்கம்.

பள்ளிக்கு விடுமுறை. வானிலை அதிகாரி ரமணன் ஓய்வு பெற்று அப்போதே ஏழு வருஷம் ஆகியிருந்தும், மழைச் செய்திக்காக டிவியைப் போட்டதும் நான் தேடியது அவர் முகத்தைத்தான். பையனுக்குத் தலைகால் புரியவில்லை. வெயிலுக்காக ஒரு வாரத்துக்கு மேல் லீவு, மூன்றே நாள் பள்ளி, இப்போது மழைக்காக லீவு. "அப்பா, அடுத்தது என்ன, பனியா?" என்றான். கேலியாகக் கேட்கவில்லை, ஆசையாகக் கேட்டான்.

தெருவில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டி, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணை மட்டும் போட்டு மூடிவிட்டுப் போன பள்ளம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு ஸ்விகி தம்பி கண்டுபிடித்துக் கொடுத்தார். தூக்கி நிறுத்தி டீ கொடுத்தோம். கையிலிருந்த இட்லிப் பொட்டலம் அவர் தலைக்கு மேல் பத்திரமாக இருந்தது. அது மூன்றாம் மாடிக்கு வந்தது.

பத்து மணிக்கு நான்காவது படியைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. இயற்கையின் கொடைதான் என்று மனதுக்குள் தீர்ப்பெழுதி முடிக்கும்போது வாட்ச்மேன் மேலே வந்தார். "சார், சம்ப்பு மூடி வழியா தெருத் தண்ணி உள்ள போயிடுச்சு. மோட்டார் போடாதீங்க."

சம்ப்பை இறைத்துக் கழுவ அரை நாள் ஆயிற்று. மறுநாள் சுள்ளென்று வெயில். மிளகாய் திரும்ப மாடிக்குப் போனது, மூன்றாம் மாடிக்காரர் திரும்ப ஏசி போட்டார். குடிக்க, குளிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாததால் தண்ணி லாரிக்குப் போன் செய்தேன். தெருவில் தண்ணீர் நிற்பதால் லாரி உள்ளே வராதாம்.