இன்டேக் பேக்கிங்கை மாற்றுதலும் மாற்றுவித்தலும்: ஓர் ஒப்பாய்வு

ஆய்வு எல்லை: கார்புரேட்டர் பொருத்திய நூறு சிசி பைக்குகள் மட்டும். 2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ். 6 விதி வந்தபின் புது வண்டிகளுக்குப் பெரும்பாலும் பெட்ரோலை ஊசி போட்டு ஏற்றுகிறார்கள். அவற்றை ஆராயக் கருவிகள் பல வேண்டும். ஆய்வாளரிடம் உள்ளது பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று.

ஆய்வுச் சிக்கல்: கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள குழாயின் பேக்கிங் போனால், அந்த இடுக்கில் கணக்கில் வராத காற்று உள்ளே புகும். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற விகிதம் கெடும். ஆக்சிலேட்டரை விட்டபின்பும் வண்டி சிக்னலில் நின்று கத்தும். திராட்டில் மூடியிருக்கும்போதுதான் உறிஞ்சல் அதிகம். ஆகவே ஐடிலிங்கில்தான் குட்டு வெளிப்படும். ஓடும் எஞ்சினில் இணைப்பின்மேல் கார்புரேட்டர் கிளீனரைத் துளி பீய்ச்ச, சத்தம் மாறினால் ஒழுகல் அங்கே. (சூடான சைலன்சர்மேல் பீய்ச்சுவோர் இக்கட்டுரையின் இரண்டாம் பதிப்பைப் படிக்க வாய்ப்பில்லை.)

தன்வினை: இரண்டு போல்ட், ஒரு பேக்கிங், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பிறவினை: இதுவே விரிவாக ஆராயத்தக்கது. வண்டியைக் கண்டதும் மெக்கானிக் மொழியும் முதல் தொடர், 'யாருங்க இதுல கை வெச்சது?' என்பது. இத்தொடர் வினாவா, இரங்கலா, விலையேற்றத்தின் தோற்றுவாயா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வினாவே என்பர் ஒருசாரார் (எதிர்க்கடை மெக்கானிக், வாய்மொழி, வெற்றிலை போடுமுன்). அன்று, இரங்கல் என்பர் மற்றொரு சாரார் (அதே மெக்கானிக், வெற்றிலை போட்டபின்). விலையேற்றமே எனும் மூன்றாம் பாடம் பஞ்சர்கடைக்காரர் வழி கிடைத்தது. கம்ப்ரஸர் இரைச்சலில் முன்பாதி சிதைந்தது, பின்பாதி அவர் விரல்களைத் தேய்த்துக் காட்டியதிலிருந்து மீட்கப்பட்டது, நடுவில் ஒரு சொல் அச்சேற்றத் தகாதது.

தனக்கு முன் கை வைத்தவன் மூடன் என்று நிறுவாமல் எந்த மெக்கானிக்கும் ஸ்பேனரைத் தொடுவதில்லை. பதிப்பாசிரியர்கள் முன்னுரை எழுதும் முறையும் இதுவே என்பது தற்செயல். பையன் கழற்றுவான், பையன் துடைப்பான், பையன் மாட்டுவான். மாஸ்டர் கடைசியில் ஆக்சிலேட்டரை ஒருமுறை முறுக்கிப் பார்த்துப் பணம் வாங்குவார். ஆய்வு நெறியாளர் என்ற பதவி பட்டறையிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போனதா, அங்கிருந்து இங்கு வந்ததா என்பது தனி ஆய்வுக்குரியது. அதற்கும் ஒரு பையன் கிடைப்பான்.

மீண்டும் மாட்டுதல்: நச்சினார்க்கினியர் முல்லைப்பாட்டின் சொற்களை இடம் பெயர்த்துக் கூட்டிப் பொருள் சொன்னார், மறைமலையடிகள் அதைக் கண்டித்தார். ஆயினும் உரை முடிந்தபின் சொல் ஒன்றும் மிஞ்சியதாகத் தகவல் இல்லை. வீட்டில் எஞ்சினைக் கூட்டுவோருக்கு ஒரு வாஷராவது மிஞ்சும். அது கம்பெனிக்காரன் வீணாகப் போட்டது என்பது வீட்டு மரபு.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழுந்தால் புதியதும் ஒழுகும். ஆறு மில்லி போல்ட்டுக்குப் பத்து நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கம் போதும். 'இன்னும் ஒரு சுத்து' என்னும் கொள்கையர் ஹெட்டின் மரையைத் தின்றுவிட்டு லேத் பட்டறைக்குப் போவர்; அங்கும் முதல் தொடர் அதுவே.

முடிபு: பேக்கிங்கின் விலை சில பத்து ரூபாய், மிச்சமெல்லாம் மரியாதைச் செலவு. கை நிதானம் உள்ளவர், எஞ்சின் ஆறியபின், போல்ட்டுகளை மாறி மாறி முறுக்கித் தாமே மாற்றலாம். அல்லாதார் மெக்கானிக்கிடம் செல்க. யார் கை வைத்தது என்று கேட்டால், போன தடவை பார்த்த மெக்கானிக் என்று சொல்க. அவர் உடனே நம்புவார்.