கூட்டு வீட்டில் ஜன்னல் திறத்தல்: ஒரு பன்னாட்டு ஆய்வு

பெர்லினில் பல நாட்டார் ஒரே பிளாட்டை அறை அறையாகப் பிரித்துக்கொண்டு வாழ்வதற்கு ‘வேகே’ என்று பெயர். இதன் தோற்றத்தை 1967இல் மேற்கு பெர்லினில் தொடங்கிய ‘கொம்முனே 1’ என்ற கூட்டு வாழ்க்கைக் குழுவில் காண்பாரும் உளர், கற்காலக் குகையில் காண்பாரும் உளர். பின்னவர் கூற்றே வலியது. பழமை கூடக் கூட ஆய்வின் மதிப்பும் கூடுவது நம் புலவர் மரபு.

வேகேவாசிகள் மூவகைப்படுவர்: திறப்போர், மூடுவோர், ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து கருத்துச் சொல்வோர். மூன்றாமவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜன்னலுக்கு முன் வீட்டு விதி ஒன்று: இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது. ஸ்பெயின்காரர் வாணலியை அடுப்பில் ஏற்றும் நேரமும் அதுவே (ஃபிரிட்ஜ் கதவு, மஞ்சள் சீட்டு, வரி 2).

இனி ஜன்னல். ஜெர்மன் ஜன்னலின் கைப்பிடி கீழே நோக்கினால் மூடியது; படுக்கையாக இருந்தால் முழுக்கத் திறப்பது; மேலே நோக்கினால் மேற்பாகம் மட்டும் உள்ளே சாய்வது. ஒரே கைப்பிடிக்கு மூன்று பொருள். உரையாசிரியர்களுக்கு வேறென்ன வேண்டும்? குளிர்காலத்தில் ஹீட்டரைக் குறைத்து, ஜன்னலை ஐந்து பத்து நிமிடம் அகலத் திறந்து, சட்டென்று மூடிவிட வேண்டும் என்பது ஜெர்மானியர் சித்தாந்தம். பெயர் ‘ஷ்டோஸ்லுஃப்டன்’. காரணம் இல்லாமல் இல்லை. காற்றுப் புகாத கண்ணாடிக்குள் சமைத்த ஆவியும், குளித்த ஆவியும், உலரப்போட்ட துணியின் ஈரமும் குளிர்ந்த சுவரில் படிந்தால் பூஞ்சை பிடிக்கும். நாள்முழுக்கச் சாய்த்தே வைத்தால் சுவர் இன்னும் குளிர்ந்து, நிலைமை மோசமாகும். 2020இல் கொரோனா விதிகளில் முகக்கவசம், இடைவெளியோடு காற்றோட்டத்தையும் அரசு சேர்த்துவிட்டதால், திறப்போர் கட்சிக்கு அரச ஆதரவும் கிடைத்தது.

பிரேசில்காரர் இந்தச் சித்தாந்தத்தை ஒப்புவதில்லை. வெளியே மைனஸ் 5; காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றைத் தெருவுக்கு அனுப்புவதா?

இப்பூசலில் எழுந்த இலக்கியம் பெரிது. “ஜன்னலைத் திற” (சமையலறை, நீலச் சீட்டு). “மூடு” (அதன் கீழே பென்சிலில், இடைச்செருகல்). “தயவுசெய்து மூடு” (குளியலறைக் கண்ணாடிச் சாசனம், திருத்திய இரண்டாம் பதிப்பு, பற்பசைத் தெறிப்பு நீக்கிப் படித்தது, ‘தயவுசெய்து’ பிற்காலத்தது என்று ஒருவரும், வெறும் கிண்டல் என்று மற்றொருவரும் எழுதி, மாறி மாறி மேற்கோள் காட்டிக்கொண்டே இருவரும் பேராசிரியர் ஆயினர்). “நான் ஊருக்கே போகிறேன்” (குப்பைத்தொட்டி மூடி, உட்புறம், எண்ணெய் படிந்த படி, ஆசிரியர் பெயர் தெரியவில்லை, கையெழுத்து மட்டும் எல்லோருக்கும் தெரியும்).

குப்பைத்தொட்டி வந்துவிட்டதால் குப்பை பற்றியும் ஒரே வரி: கண்ணாடிப் பாட்டிலை வெள்ளை, பச்சை, பழுப்பு என்று பிரித்துப் போட வேண்டும், நீலப் பாட்டில் பச்சையோடு சேரும்.

பெர்லினில் அறை தேடும் வாசகர்களே, வாடகை ஒப்பந்தத்தில் ஜன்னல் திறக்கும் விதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். சட்டப்படி மூன்று மாத வாடகை வரை முன்பணம் வாங்கலாம். பூஞ்சை உங்கள் தவறு என்றானால் அதில்தான் கழிப்பார்கள்.