பள்ளிச் சின்னமும் இல்ல முறையும்: ஒரு மூலபாட ஆய்வுக்கான முன்னோட்டம்

சட்டைப் பையின் மீது தைக்கப்படும் பள்ளிச் சின்னமும், மாணவரை நான்கு கூறாக்கி ஆண்டுக்கொருமுறை வெயிலில் ஓடவிடும் இல்ல முறையும் தமிழியல் ஆய்வில் இதுகாறும் உரிய இடம் பெறாமற்போனது வருந்தத்தக்கது. ஊர்ப்பெயர் ஒன்றில் ஒற்று மிகுமா மிகாதா என்பதை முன்னிட்டுப் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட அறிஞர் பெருமக்கள் வாழும் நாட்டில், பிள்ளைகள் நாள்தோறும் நெஞ்சின்மேல் சுமந்து திரியும் ஒரு படத்தை எவரும் உற்றுநோக்கவில்லை என்பது வியப்பளிக்கிறது. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இல்லம் எனப்படுவது, மாணவர் வழக்கில் ஹவுஸ், வகுப்பு வேறுபாடு பாராமல் பள்ளி முழுவதையும் குறுக்கே பிளந்து செல்லும் பிரிவாகும். இதன் தாயகம் இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளிகள். ஆறாம் ஹென்றி மன்னன் 1440இல் நிறுவிய ஈட்டன் கல்லூரியில், அறக்கட்டளைச் செலவில் தங்கிப் படித்த 70 பேர் போக, கட்டணம் செலுத்திப் படிக்க வந்தவர்கள் ஊருக்குள் வெவ்வேறு வீடுகளில் தங்கினர். அவ்வீடுகளிற் பலவற்றை நடத்திய பெண்மணிகள் டேம் எனப்பட்டனர். காலப்போக்கில் ஆசிரியர்களே அப்பொறுப்பை ஏற்றனர். ஆகவே அங்கே ஹவுஸ் என்றால் கூரையும் கட்டிலும் சாப்பாட்டு மணியும் உள்ள மெய்யான வீடு. 1858இல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளியிலும் அது விடுதியாகவே நின்று, ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், விந்தியா என்று மலைப்பெயர்களைப் பூண்டது. சமவெளியின் பகல்நேரப் பள்ளிகளுக்கு இறங்கி வருகையில்தான் வழியில் எங்கோ வீடு கழன்று விழுந்து, பெயர் மட்டும் வந்து சேர்ந்தது. மாலை மணி அடித்ததும் இல்லத்தார் அனைவரும் இல்லத்துக்குப் போய்விடுவதால் இல்லத்தில் ஒருவரும் இருப்பதில்லை.

இக்குறையை உணர்ந்து நேர்செய்தவர்கள் யாழ்ப்பாணத்தாரே. அங்கே இல்ல மெய்வல்லுநர் போட்டியன்று ஒவ்வோர் அணியும் மைதான ஓரத்தில் தடியும் கிடுகும் ஓலையும் தோரணமுமாகத் தன் இல்லத்தைக் கட்டியே எழுப்புகிறது. இல்லச் சோடனை எனப்படும் இதற்குத் தனிப் புள்ளிகளும் உண்டு. ஓட்டத்திலும் கயிறிழுத்தலிலும் கடைசியாக வந்த இல்லம் சோடனையில் முதலிடம் பெற்று மானம் காத்துக்கொள்ள இது வழிவகுக்கிறது. மாலையில் பிரித்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் பள்ளியை வளர்த்த பெரியோரின் பெயர்கள் இல்லங்களுக்கு இடப்பட்டுள்ளமையால், அங்கே ஒருவர் தம் தாத்தாவின் பெயர் கொண்ட இல்லத்திடம் தோற்பதும் நிகழக்கூடியதே.

இல்ல முறை ஆங்கிலேயரிடமிருந்து வந்ததென்பதை ஏற்காத ஒரு சாரார், அது சங்கத் தமிழருடையதே என நிறுவுவர். சேரர் பனம்பூவும் சோழர் ஆத்தியும் பாண்டியர் வேம்பும் சூடிப் போரிட்டனர் என்பது தொல்காப்பியத்தாலேயே பெறப்படுவது; அணிக்கொரு பூவும் கொடிக்கொரு விலங்கும் இருக்கையில் ஹவுஸ் கேப்டன் மட்டும் இல்லாமலா இருந்திருப்பார் என்பது அவர்தம் வினா. சோழர் செப்பேட்டு முத்திரைகளில் புலிக்கருகே பாண்டியரின் கயலும் சேரரின் வில்லும் பொறிக்கப்பட்டிருப்பது, வென்ற இல்லம் தோற்ற இல்லங்களின் பேட்ஜைப் பறித்துத் தன் பையில் குத்திக்கொண்டதற்குச் சான்றாம். வாதத்தில் ஓட்டை ஏதுமில்லை. உலகின் பிற பொருள்கள் யாவும் தமிழரிடமிருந்தே சென்றன என்பதை நிறுவப் பயன்பட்ட அதே வாதம்தான் இது, பலமுறை ஓட்டிப் பார்க்கப்பட்டது.

இல்லப் பெயர்களைப் பொறுத்தவரை, பெரியோரின் வரலாறும் அவர்தம் இல்லத்தின் கடமையும் முரண்படும் இடங்களே ஆய்வுக்கு உகந்தவை. கேந்திரிய வித்யாலயாக்களில் வழங்கிவரும் சிவாஜி, தாகூர், அசோகா, ராமன் என்னும் நான்கனுள், கலிங்கத்துக்குப் பின் போரையே வெறுத்தவர் பெயரால் ஆண்டுதோறும் படை திரட்டப்படுகிறது. மெட்ரிகுலேஷன் பள்ளி ஒன்றில் நேதாஜி இல்லம் காந்தி இல்லத்தைக் கயிறிழுத்தலில் வீழ்த்துமாயின், 1939இல் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் காந்தியடிகள் ஆதரித்த பட்டாபி சீதாராமய்யாவைச் சுபாஷ் சந்திர போஸ் தோற்கடித்தது மீண்டும் நிகழ்ந்ததாகக் கொள்ளலாம். அத்தேர்தலையடுத்து நிகழ்ந்தவற்றை எண்ணி, வென்ற கேப்டன் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

இல்லங்களின் நிறங்கள் நான்கு, ஏனெனில் கடையில் இருந்தவை நான்கு.

இனிச் சின்னம். அது கேடய வடிவில் அமைந்திருப்பது ஐரோப்பியப் பிரபுக்களின் குலமுத்திரை மரபு. ஈட்டனுக்கு 1449இல் வழங்கப்பட்ட கேடயத்தில் மூன்று லில்லி மலர்கள் உள்ளன. தமிழகத்தில் லில்லியின் இடத்தைத் திறந்த புத்தகமும் அதன்மேல் எரியும் விளக்கும் பிடித்துக்கொண்டன. தாளின்மேல் நேரடியாக நெருப்பை வைக்கும் இவ்வமைப்பைத் தீயணைப்புத் துறை எவ்வாறு பொறுத்துக்கொண்டது என்பது தனி ஆய்வுக்குரியது. இங்குக் கருதப்படுவது ஒன்றே: அவ்விளக்கின் சுடர்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட உயர்நிலைப் பள்ளியொன்றின் சின்னம் ஐந்து பிரதிகளிற் கிடைக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததற்கும் முன்பிருந்தே ஏட்டுப் பதிப்பாளர் கையாண்டுவந்த ஒப்பீட்டு முறைப்படி அவற்றைப் பக்கத்திற்பக்கம் வைத்து நோக்கினால் பாடபேதங்கள், அதாவது பிரதிக்குப் பிரதி மாறும் வடிவங்கள், புலப்படும். வாயிற்பிரதி, இரும்பு வளைவில் வெட்டியது, சுடர் தெளிவானது. நோட்டுப்பிரதி, அச்சுக்கட்டை தேய்ந்துபோனமையால் சுடர் ஒரு கறை. அடையாள அட்டைப்பிரதி, கறையின் நகல். பேருந்துப்பிரதி, பாதி உரிந்தது. பைப்பிரதியோ எம்பிராய்டரி, அதில் விளக்கின் நுனியில் காணப்படுவது காம்போடு கூடிய சிவந்த மிளகாய்.

மிளகாய்ப் பாடத்தைப் பிழையென ஒதுக்குவது எளிது. எளிது என்பதாலேயே அறிஞர் அதைச் செய்யவில்லை. இரு பாடங்களுள் பொருள்கொள்ளக் கடினமானதே மூலமாக இருக்கத் தகும், படியெடுப்போர் கடினத்தை எளிமையாக்குவாரேயன்றி எளிமையைக் கடினமாக்கார் என்று விவிலியப் பதிப்பாசிரியர் பெங்கல் 18ஆம் நூற்றாண்டில் வகுத்த விதி இங்கே பொருந்துகிறது. விளக்கில் சுடர் இருப்பதற்கு விளக்கம் தேவையில்லை. மிளகாய் இருப்பதற்குத் தேவை. ஆகவே மிளகாயே மூலம் என்பது மிளகாய்க் கட்சியார் துணிபு. மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாகவே இந்நாட்டுக்கு வந்ததாதலின், அப்பள்ளி 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்திறங்குவதற்கு முன்பு தோன்றியிருக்க இயலாது என்பதும் அவர்தம் அரிய கண்டுபிடிப்பு. வாயிலில் தொடக்க ஆண்டு அரையடி உயர எண்களில் எழுதப்பட்டிருப்பது இம்முடிபோடு முரண்படவில்லை என்பதையும் அவர்கள் பெருந்தன்மையுடன் ஒப்புக்கொள்கின்றனர்.

சுடர்க் கட்சியார் இதை மறுத்தனர். அம்மறுப்புக்கு எழுந்த மறுப்பின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில், மறுத்தவர் மறுக்கப்பட்ட நூலைப் படித்ததில்லை என்பது அடிக்குறிப்பாகச் சுட்டப்பட, அவ்வடிக்குறிப்பின் ஆசிரியர் அந்நூலின் அட்டையை மட்டுமே கண்டவர் என்பது பிழைதிருத்தப் பட்டியலின் கீழே நுண்ணெழுத்தில் அம்பலமாயிற்று. மிளகாய்க் கட்சிக்குள்ளேயே பிளவு தோன்றி, அது நீட்டு மிளகாயென ஒரு குழுவும் குண்டு மிளகாயென மற்றொரு குழுவும் கருத்தரங்குகளில் தனித்தனிப் பந்திகளில் உண்கின்றன. இவ்விவாதத்தில் எழுந்த கட்டுரைகளுள் ஒன்றன் மேற்கோள்கள் அனைத்தும் அதை எழுதியவரின் முந்தைய கட்டுரைகளே. முந்தைய கட்டுரைகளின் மேற்கோள் அக்கட்டுரை. பதவி உயர்வுக்கு இவை அனைத்தும் தனித்தனியே கணக்கிடப்பட்டன.

பேட்ஜைத் திருப்பிப் பார்த்தால், கேடயத்தைச் சுற்றியுள்ள இலைவளையத்தின் இடப்பாதியைத் தைத்து முடித்த எந்திரம் வலப்பாதிக்குத் தாவுகையில் பச்சை நூல் அறுபடாமல் சுடரின் தலைக்குமேலே இழுபட்டுச் சென்றிருப்பதும், சிவப்பு நூல் தடித்தமையால் சுடரின் நுனி வளைந்திருப்பதும் தெரியும். எனினும் சின்னத்தின் பின்புறம் மூலபாட ஆய்வின் எல்லைக்கு உட்பட்டதன்று. தைத்துக் கொடுத்தவரின் கடை பள்ளிக்கு எதிர்வரிசையிலேயே இருப்பினும், உயிரோடுள்ள படியெடுப்பாளரை வினவுவது முறையியல் நோக்கில் ஐயத்துக்கு இடமானது என்பதால் எக்கட்சியாரும் சாலையைக் கடக்கவில்லை.

சின்னத்தைத் தைக்காமல் ஊக்கினால் குத்திவரும் மாணவர் தனி வகையினர். அமெரிக்கரான வால்டர் ஹன்ட் 1849இல் காப்புரிமை பெற்று 400 டாலருக்கு விற்றுவிட்ட அந்த ஊக்கு இல்லையேல், ஒரே பேட்ஜை அண்ணனும் தம்பியும் சோதனை நடக்கும் வகுப்புக்கேற்ப மாற்றிக் குத்திக்கொள்ளும் வழக்கம் உருவாகியிராது. தலைகீழாகக் குத்தப்பட்ட சின்னங்களில் மிளகாய் மண்ணை நோக்கித் தொங்குகிறது. செடியில் அது தொங்குவதும் அவ்வாறே என்பதை மிளகாய்க் கட்சியார் அண்மையில் சான்றாகச் சேர்த்துள்ளனர்.

அண்மை ஆண்டுவிழாவை ஒட்டி வாயில் வளைவுக்கு வண்ணம் பூச வந்த பெயின்டர், துருவேறிய சுடருக்கு என்ன நிறமென்று கேட்க ஆளில்லாமையால், அவ்வழியே தாமதமாக வந்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை நிறுத்தி அவன் பையைப் பார்த்துப் பூசினார். இரும்பில் காம்பு இல்லாத குறையைப் பச்சையில் ஒரு கோடிழுத்து அவரே நிரப்பினார். பள்ளியின் மிகப் பழைய பிரதியிலும் மிளகாய் காணப்படுவதாக இப்போது இரு கட்சியாரும் ஒருமித்து எழுதுகின்றனர்.