விண்டோஸ் சிதைவும் கோப்புக் காப்பும்: ஒரு நூற்பாவும் உரையும்

சிதைந்த விண்டோஸ் திருத்துங் காலை
அழித்தல் கடையே; காத்தல் தலையே;
காப்பி எடுத்தல் இரண்டினும் முதலே.

இது நூற்பா. நூற்பாவையும் உரையையும் ஒருவரே எழுதுவதில் ஒரு வசதி, பாடபேதத் தொல்லை இல்லை. இனி உரை.

சிதைவாவது யாதெனின், கணினியைப் போட்டால் நீலத்திரை வருவதும், வந்தது போகாதிருப்பதும் ஆம். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது அத்திரையில் ஒரு சோகமுகத்தையும் சேர்த்தார்கள். நோய் தீர்ந்தபாடில்லை, அனுதாபம் மட்டும் கூடியது.

இந்நோய்க்கு நம்மூர் மருத்துவம் ஒன்றே. பழுது பார்க்கும் கடைகளில் வழங்கும் உரையாடல் வருமாறு:

“ஓஎஸ் கரப்ட் ஆயிடுச்சு சார். ஃபார்மட் அடிச்சிரலாமா?”

“அடிச்சிருப்பா.”

“சி டிரைவ்ல டேட்டா எதுவும் இல்லையே?”

“ஒண்ணும் இல்ல. எல்லாம் டெஸ்க்டாப்லதான் இருக்கு.”

கடைசி வரி பெரும்பிழை உடைத்து. டெஸ்க்டாப் என்பது திரையில் மிதக்கும் தனியுலகம் அன்று. சி டிரைவில் ‘யூசர்ஸ்’ என்றொரு ஃபோல்டர், அதற்குள் உரியவர் பெயரில் ஒன்று, அதற்குள் இருப்பதே பெரும்பாலும் டெஸ்க்டாப். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாவற்றுக்கும் அதுவே விலாசம். சி டிரைவை ஃபார்மட் அடித்தால் மகள் கல்யாணப் போட்டோவும் ரேஷன் கார்டு ஸ்கேனும் விண்டோஸோடு சேர்ந்தே போகும். இத்தனைக்கும் அடிபட்டது பக்கத்தில் இருக்கும் ‘விண்டோஸ்’ ஃபோல்டர் மட்டுமே.

சான்று வேண்டுவோர்க்கு: 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பழுதான அப்டேட்டால் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் படுத்தன, விமானங்கள் நின்றன. சேஃப் மோடில் நுழைந்து அந்த அப்டேட்டில் வந்த ஒரு கோப்பை மட்டும் நீக்குவதே சொல்லப்பட்ட வைத்தியம். மருந்துச் சீட்டில் ஃபார்மட் இல்லை.

இனிக் காக்கும் முறைகள். எஸ்எஃப்சி என்னும் கட்டளை, கெட்டுப்போன விண்டோஸ் கோப்புகளைத் தேடி, விண்டோஸ் தன்னிடமே வைத்திருக்கும் நல்ல பிரதியைக் கொண்டு மாற்றும். அற்றேல், அப்பிரதியே கெட்டிருப்பின் என்செய்வது எனின், டிஐஎஸ்எம் என்னும் கட்டளை மைக்ரோசாஃப்டிடமிருந்து தருவித்து நிரப்பும் என்க. ஆகவே டிஐஎஸ்எம் முன், எஸ்எஃப்சி பின். இதற்கும் மசியாவிடில், டெஸ்க்டாப் வருகிற அளவுக்காவது கணினிக்கு உயிர் இருந்தால், அதே விண்டோஸின் ஐஎஸ்ஓ கோப்பைத் திறந்து உள்ளிருந்தே செட்டப்பை ஓட்டலாம். கோப்புகளும் சாஃப்ட்வேர்களும் இருந்தபடி இருக்க, விண்டோஸ் மட்டும் புதிதாகும். முறைகளுள் இதுவே தலை. கடைகளில் அருகியே காணப்படும்.

டெஸ்க்டாப்பே வராதவர்க்கு ‘ரீசெட் திஸ் பிசி’. அதில் இரண்டு வழி. ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பதற்கு உரை வேண்டா. ‘கீப் மை ஃபைல்ஸ்’ கோப்புகளை விட்டுவைக்கும். நாம் போட்ட சாஃப்ட்வேர்களைக் கழற்றிவிட்டு, கழற்றியவற்றின் பட்டியலை டெஸ்க்டாப்பில் வைத்துப்போகும், வாங்கிய நகைக்குச் சீட்டுக் கொடுப்பது போல.

இவ்விடத்து டிடிபி தொழிலர்க்கு மட்டும் ஒரு புறனடை. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு பத்திரமாகவே இருக்கும். ஆனால் எழுத்துரு குடியிருந்தது விண்டோஸ் ஃபோல்டரில். அது போனபின் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும், ஏனெனில் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளிச் சாவியில்தான் இருக்கிறது. பதற வேண்டா. எழுத்துருவை மீண்டும் போட்டால் தமிழ் திரும்பும்.

‘காப்பி எடுத்தல் முதலே’ என்றதனால், மேற்சொன்ன எதையும் தொடுமுன் செய்யவேண்டியது பெறப்படும். விண்டோஸ் எழாவிட்டாலும் உபுண்டு என்னும் வேறொரு ஓஎஸ் ஏற்றிய பென்டிரைவில் கணினியைக் கிளப்பி, யூசர்ஸ் ஃபோல்டரை முழுதாக வெளி ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றலாம். உபுண்டுவை இன்ஸ்டால் செய்யக் கூடாது, ‘ட்ரை’ போதும். பிட்லாக்கர் பூட்டிய டிஸ்க்காக இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் எந்தப் பென்டிரைவும் உள்ளே நுழையாது. அவ்விலக்கத்தை வாசகர் இன்றே ஒரு தாளில் எழுதி வைக்கவும். அதே கணினியில் சேமித்து வைப்பது இந்நூலார்க்கு உடன்பாடன்று.