சீசர் முகத்தில் உளி

கேள்வி: வரப்பு வெட்டும்போது ஒரு தங்கக் காசு கிடைத்தது. ரோமானியக் காசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: எடை போடுங்கள். அகஸ்டஸ் காலத்துக் காசு கிட்டத்தட்ட ஒரு பவுன் இருக்கும். பிறகு வந்த நீரோ எடையைக் குறைத்துவிட்டார். சேதாரம் அன்றே உண்டு! ஒரு பக்கம் மன்னரின் பக்கவாட்டு முகம், சுற்றிலும் லத்தீன் எழுத்து இருக்கும். முகத்தில் உளி வெட்டு இருந்தால் மனம் உடையாதீர்கள். 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவை அப்படி வெட்டுப்பட்டவைதான். ராஜா தலையையே உரசிப் பார்க்கிற ஊர் நம்முடையது! புளி போட்டுத் தேய்க்காதீர்கள், உருக்கவே உருக்காதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். இன்றைய விலையில் 10 ரூபாய்க்குத் தங்கத் தூசுகூட வராது. பேசாமல் தாசில்தார் ஆபீசுக்குப் பஸ் ஏறுங்கள்.