ஆடு பிழைக்க ஒரு கமா

ஏலே பேராண்டி, லீவு லெட்டரா எழுதுத? குடு பாப்போம். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’. அதோட முற்றுப்புள்ளி வச்சுட்டியே, காய்ச்சல் அதுக்குள்ள விட்டுருச்சாக்கும்? ‘காய்ச்சலா இருக்கதால’ன்னு சொல்லிட்டு நீ எந்திரிச்சுப் போயிட்டா, ‘இருக்கதால என்னலே?’ன்னு வாத்தியார் மோட்டைப் பாத்துட்டு உக்காரணுமோ?

எனக்கு இங்கிலீசு பேச வராது. ஆனா அச்சாபீசுல ஈய எழுத்து கோத்த கை இது. கமா விழாத எடம் கண்ணை உறுத்தும்.

நம்ம பேச்சுல ‘மழை பெஞ்சதால’, ‘அவன் வந்தா’, ‘நான் போறப்ப’ன்னு கடைசியில ஒரு வால் ஒட்டிக் கெடக்கும். துண்டு எங்க முடியுதுன்னு அதுவே சொல்லிரும். வெள்ளக்காரன் வாலை விட்டுட்டுத் தலையில கொம்பு வச்சான்: வென், இஃப், பிகாஸ், ஆஸ். கொம்பு தெரியுது, மாடு எங்க முடியுதுன்னு தெரியல. அதுக்குத்தாம்லே பின்னால ஒரு குட்டி வாலு, கமா. முன்னெல்லாம் வெறும் சாய்கோடாக் கெடந்தது, 500 வருசத்துக்கு முன்ன வெனிஸ்ல ஆல்டுஸ் மனூட்டியுஸ்னு ஒரு அச்சுக்காரர் கையிலதான் இப்படி வளைஞ்சு கீழ எறங்குச்சு. எங்க தொழில்காரர்தான், சொல்லிக்கிட வேண்டியதுதானே.

வாலை விட்டா என்ன ஆவும்? போன வாரம் கட்டுரையில எழுதுனியே, ‘வென் தாத்தா ஈட்ஸ் த கோட் வாட்சஸ்’ன்னு. உங்க டீச்சர் ‘ஈட்ஸ் த கோட்’ வரைக்கும் ஒரே மூச்சா வாசிச்சு, கெழவன் ஆட்டைத் தின்னுட்டான்னே முடிவு கட்டிருப்பாக. அதுவும் புரட்டாசியில! ‘ஈட்ஸ்’க்குப் பின்னால ஒரு கமா வச்சிருந்தா ஆடும் பொழச்சிருக்கும், எம் விரதமும் பொழச்சிருக்கும்.

அதுக்காக, கண்ட எடத்துல தூவிறாத. திருப்பிப் போட்டு ‘த கோட் வாட்சஸ் வென் தாத்தா ஈட்ஸ்’னு எழுதுனா கமா வேண்டாம், நடுவுல நிக்கிற கொம்பே எல்லையைக் காட்டிரும். ஆல்தோங்கிற கொம்பு கொஞ்சம் முறுக்குக்காரன். பின்னால வந்தாலும் தனக்கு முன்ன ஒரு கமா வைக்கச் சொல்லுவான்.

முன்னால வார துண்டு ரெண்டு மூணு வார்த்தைதான்னா, கொழப்பம் வராத எடத்துல கமாவை முழுங்குற பெரிய எழுத்தாளங்களும் உண்டு. அவுகளை யாரும் கேக்கப்போறதில்லை. உனக்கு மார்க்கு போடுறது டீச்சர்லா, நீ வச்சிரு.