சுபச்செய்தி நிறுவை சாஸ்திரம்

மங்கள காரியங்களுள் பெரியது விவாகமே என்பது உலகோர் அபிப்பிராயம். ஆயினும் விவாகத்துக்கு ஊர் முழுவதும் வந்துவிடுவதால், வந்தவர் யார், வராதவர் யார், வந்தும் சாப்பிடாமல் போனவர் யார் என்னும் நுட்பமான கணக்குகள் அந்தக் கூட்டத்திலே கரைந்துபோகின்றன. உறவின் உண்மையான அளவு வெளிப்படும் சந்தர்ப்பங்கள் இரண்டுதான்: ஒன்று நிச்சயதார்த்தம், மற்றொன்று பிள்ளை பிறந்த செய்தி. இவ்விரண்டுக்கும் பத்திரிகை அடித்தே தீரவேண்டும் என்ற விதி இல்லை. யாருக்குச் சொல்வது, யாருக்கு முதலில் சொல்வது, யாருக்கு வேண்டுமென்றே மறப்பது என்பதெல்லாம் வீட்டாருடைய மனோதர்மத்துக்கு விடப்பட்டிருக்கின்றன. மனோதர்மத்துக்கு விடப்பட்ட இடத்தில்தான் மனஸ்தாபம் முளைக்கும் என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மனஸ்தாபத்தைத் தராசு கொண்டு தீர்த்துவைக்கும் அபூர்வமானதொரு சாஸ்திரம், விருதுநகர் மாவட்டத்தின் மேற்கோரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடைப்பட்ட சுமார் 12 கிலோமீட்டர்ச் சாலையின் இருமருங்கிலும் வழங்கி வருகிறது. அதற்கு இதுகாறும் மூல நூலும் இல்லை, உரையும் இல்லை. அக்குறையை ஓரளவேனும் நிவர்த்தி செய்வது இவ்வாராய்ச்சியின் நோக்கமாகும்.

சாஸ்திரம் என்றால் பிரமாணம் வேண்டும். அதைத் தேடி நாம் காசிக்குப் போக வேண்டியதில்லை. பிள்ளை பிறந்த வீட்டின் ஆரவாரத்தைப் பாடியவர் ஒருவர். பெண் பேசி நாள் குறித்த வீட்டின் ஆரவாரத்தைப் பாடியவர் மற்றொருவர். இருவரும் ஒரே ஊரினர், ஒரே வீட்டினர், அதிலும் தகப்பனாரும் மகளும் என்று சொல்லிக்கொள்ளும் பாத்தியதை ஸ்ரீவில்லிபுத்தூரைத் தவிர வேறெந்த ஊருக்கு இருக்கிறது என்பதை மறுப்போர் எடுத்துக்காட்டட்டும். பெரியாழ்வாருடைய திருமொழி, கண்ணன் பிறந்த அன்று ஆயர்பாடியில் நிகழ்ந்த அமளியோடு தொடங்கி, தாலாட்டு, அம்புலி, சப்பாணி, தளர்நடை, காதுகுத்து என்று ஒரு குழந்தையைச் சுற்றி ஒரு வீடு படும் பாட்டையெல்லாம் வரிசையாகச் சொல்லிச் செல்கிறது. பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகைக்கே அது வித்தாயிற்று. துளசிச் செடியின் அடியில் அவர் கண்டெடுத்து வளர்த்த ஆண்டாளாகிய கோதை நாச்சியாரோ, தம்முடைய கலியாணத்தைக் கனவிலே கண்டு தோழிக்கு உரைத்ததாக நாச்சியார் திருமொழியின் ஆறாம் பதிகத்தைப் பாடினார். அப்பதிகத்தின் முதற்பாட்டில் மாப்பிள்ளை யானைகள் சூழ வந்துவிடுகிறார். நாள் குறிப்பது இரண்டாம் பாட்டில். தேவர்கள் கூடி உட்கார்ந்து பெண் பேசுவது மூன்றாம் பாட்டில். கனவாதலால் கிரமம் சற்றுப் பிறழ்ந்தது என்பர் சிலர். பெண் பேசுவதற்கு முன்பே மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிடும் இக்காலத்தாருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இனித் தகப்பனாரின் தாலாட்டை எடுத்துக்கொள்வோம். பக்தர்கள் அதைப் பக்தி நூலாகவும், புலவர்கள் இலக்கியமாகவும் படித்திருக்கிறார்கள். அது ஒரு மொய் நோட்டு என்பதை இவ்விரு சாராரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பிரமன் பொன்னால் ஆன தொட்டில் அனுப்பினான். சிவபெருமான் அரைவடம் அனுப்பினார். இந்திரன் கிண்கிணி கொடுத்தான். குபேரன் ஐம்படைத் தாலியும் ஆரமும் ஏந்திக்கொண்டு வந்து கைகூப்பி நின்றான். வருணன் முத்தாரம் கொடுத்துவிட்டான் என்று, கொடுத்தவர் பெயரும் கொடுத்த பொருளும் விடாமல் பதியப்பட்டிருக்கின்றன. நேரில் வந்தவர் யார், ஆள்வசம் கொடுத்துவிட்டவர் யார் என்னும் வேற்றுமைகூட அதில் விடுபடவில்லை. மொய் எழுத உட்காரும் கணக்குப்பிள்ளைகள் இந்நூலை ஒருமுறை பயின்றால், ‘கொடுத்தார்’, ‘கொடுத்துவிட்டார்’ என்னும் இரண்டுக்கும் இடையே எத்தனை பெரிய பள்ளம் இருக்கிறது என்பதை அறிந்துகொள்வார்கள்.

இந்தப் பட்டியலின் கடைசியில் துர்க்கை வருகிறாள். அவள் கொண்டுவந்த பொருள்கள் யாவை? குழந்தையின் உடம்பில் பூசும் வாசனைப் பொடி, மஞ்சள், கண்ணுக்கு மை, சிந்தூரம். பிரசவ வார்டுக்குப் போகும் வழியில் மருந்துக்கடையில் நுழைந்து, பவுடரும் சோப்பும் சேர்ந்த குழந்தைப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வரும் அத்தைமாரையும் பெரியம்மாமாரையும், ‘வேறொன்றும் கிடைக்கவில்லையா?’ என்று பரிகசிப்போர் இவ்விடத்தில் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெட்டி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆழ்வார் அருளிச்செயலால் அங்கீகரிக்கப்பட்டது.

விஷயம் இத்துடன் முடியவில்லை. மகளின் கனவிலும் இதே துர்க்கை, கண்ணனுக்குத் தங்கை முறையாதலால் நாத்தனார் ஸ்தானத்தில் நின்று, மணப்பெண்ணுக்குக் கூறை உடுத்தி மாலை சூட்டுகிறாள். இந்திரனும் இரண்டு விசேஷத்துக்கும் ஆஜர். முன்னதில் கிண்கிணியோடு கடமை தீர்ந்தது, பின்னதில் தேவர்களோடு உட்கார்ந்து பேசியதோடு தீர்ந்தது. இரண்டு வீட்டிலும் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தவள் துர்க்கை ஒருத்தியே. உட்கார்ந்து பேசும் மாமாக்கள் ஒரு வர்க்கமாகவும், நின்று வேலை செய்யும் அத்தைகள் ஒரு வர்க்கமாகவும் நம் சுப காரியங்கள் நடைபெற்று வருவதற்கு இதைவிடப் பழைய சாசனம் எனக்குக் கிடைக்கவில்லை. இந்த ஏற்பாடு நியாயமானதா என்று கேட்டால், இல்லை என்பதே என் தீர்ப்பு. பழமை ஒன்றினாலேயே எதுவும் நியாயமாகிவிடாது.

இப்போது பாலுக்கு வருவோம். கண்ணன் பிறந்த அன்று ஆயர்பாடியார் என்ன செய்தார்கள்? ஓடினார்கள், விழுந்தார்கள், எண்ணெயையும் மஞ்சள்பொடியையும் ஒருவர்மேல் ஒருவர் தூவி முற்றத்தைச் சேறாக்கினார்கள். உறியிலிருந்த பாலையும் தயிரையும் நெய்யையும் வாரி இறைத்து ஆடினார்கள். உள்ளே போய்ப் பிள்ளையைப் பார்த்து வெளியே வந்தவர்கள், நட்சத்திரத்தைச் சொல்லி இவன் உலகாள்வான் என்று ஜோசியமும் கூறினார்கள். இவற்றுள் கடைசிக் காரியம் இன்றும் குறைவின்றி நடக்கிறது. பிறந்து இரண்டு மணி நேரமான குழந்தையின் மூக்கு அப்பாவைக் கொண்டிருக்கிறதா, தாய்மாமனைக் கொண்டிருக்கிறதா என்பதைப் பற்றிய வாதப் பிரதிவாதங்களை, கண்ணைக்கூடத் திறவாத அக்குழந்தை பொறுமையுடன் சகித்துக்கொள்கிறது. பாலை இறைப்பது மட்டும் நின்றுபோயிற்று. கறந்த பாலைக் காசாக்கிப் பிழைக்கும் ஊர்களில் இறைப்பது கட்டுபடியாகுமா? ஆகவே, சந்தோஷத்தில் பாலைக் கொட்டும் பண்டை வழக்கம், அதே பாலைக் கொட்டாமல் சுண்டவைத்துப் பங்கிடும் வழக்கமாகப் பரிணமித்தது என்பது என்னுடைய துணிபு. சரித்திர ஆசிரியர்கள் இதை ஒப்பமாட்டார்கள். அவர்களுக்குக் கல்வெட்டு வேண்டும். எனக்கு வாணலி போதும்.

அந்த வாணலியின் பெருமை சாமானியமானதன்று. பாலும் சர்க்கரையும் அன்றி மூன்றாவது பொருள் ஒன்று அதில் சேர்வதில்லை. விறகடுப்பின்மேல் இரும்புச் சட்டியில், அடிபிடிக்காமல் ஒருவன் நின்ற இடத்தில் நின்று கிண்டிக்கொண்டே இருக்க, பத்து லிட்டர்ப் பால் மூன்று கிலோவும் சற்றுமாக ஒடுங்கி, இளஞ்சிவப்புச் சாயலும் மணல்மணலான பதமும் கொண்டு இறங்குகிறது. 2019-ஆம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கிய அரசாங்கம், ஒரு தின்பண்டத்துக்கு அந்தஸ்து கொடுத்ததாக எண்ணியது. உண்மையில் ஒரு தபால் இலாகாவுக்கே அந்தஸ்து கொடுத்தது. ஏனெனில் இவ்வட்டாரத்தில் சுபச்செய்தி வாயால் சொல்லப்படும்போது வதந்தியாகவும், பால்கோவாப் பெட்டியோடு வரும்போதே செய்தியாகவும் கொள்ளப்படுகிறது. மற்ற ஜில்லாக்களில் கற்கண்டும் சாக்லேட்டும் செய்யும் காரியம்தானே என்று கேட்கலாம். கற்கண்டை எண்ணிக் கொடுக்கிறோம். பால்கோவாவை நிறுத்துக் கொடுக்கிறோம். நம் சாஸ்திரத்தின் உயிர்நிலை இந்த நிறுவையில்தான் இருக்கிறது.

நிறுவையின் விதிகள் வருமாறு வழங்குகின்றன. அண்டைவீட்டாருக்கும் அலுவலகத்தாருக்கும் எடை கிடையாது. திறந்த பெட்டியை நீட்டினால் அவர்களே விரலால் எடுத்துக்கொள்வார்கள். ஒன்றுவிட்ட உறவுக்குக் கால் கிலோ. சித்தப்பா, பெரியப்பா, அத்தை, சித்தி என்னும் சொந்தப் படிக்கட்டுகளுக்கு அரைக் கிலோ. இங்கே ஒருவருக்கு அரையும் மற்றொருவருக்குக் காலும் போவது யுத்தத்துக்கு முகாந்திரம். சம்பந்தி வீட்டுக்கு ஒரு கிலோ முதற்கொண்டு மேலே எல்லையில்லை. தாய்மாமன் பெறுகிறவன் அல்லன், தருகிறவன் என்ற காரணத்தால் அவனுக்கு எடையே இல்லை என்பது ஒரு கட்சி; நாளைக்குத் தொட்டிலும் காப்பும் சீர்வரிசையும் கொண்டுவந்து இறக்கப் போகிறவனுக்கு இன்றைக்கே வாய் இனிக்கச் செய்ய வேண்டும் என்பது மறு கட்சி. இரண்டாம் கட்சியே விவேகமுள்ளது.

எடை தவறினாலும் மன்னிப்பு உண்டு. வரிசை தவறினால் இல்லை. ‘என்ன மதினி, பிள்ளைக்குப் பேசி முடிச்சிட்டீகளாமே, நேத்தே கேள்விப்பட்டோம்’ என்று ஓர் அம்மாள் முகத்தில் சிரிப்போடு சொல்லும் ‘கேள்விப்பட்டோம்’ என்ற ஒரு வார்த்தைக்கு, தென் ஜில்லாக்களின் வசைச் சொற்கள் அனைத்தையும் சேர்த்தாலும் ஈடாகாது. நீ சொல்லவில்லை, உன் செய்தி வேறு ஒருத்தி வாயிலிருந்து எனக்கு வந்தது, அவள் எனக்கு முன்னால் உனக்கு வேண்டியவளாகிவிட்டாள் என்னும் மூன்று குற்றச்சாட்டுகள் அதனுள்ளே அடங்கியிருக்கின்றன. கைப்பேசியில் ஒரே அழுத்தலில் எல்லோருக்கும் படம் அனுப்பிவிட்டால் முன்பின் என்னும் பேதமே எழாது என்று நவீனர்கள் வாதிக்கிறார்கள். இப்பூர்வபட்சம் நிற்காது. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தெரிவது எவருக்கும் தனியாகத் தெரிவிக்கப்படவில்லை என்பதற்குச் சமானம். பெரியம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள்போலவே பெட்டி வரும்வரை காத்திருக்கிறாள்.

ராஜபாளையத்தில் இந்தச் சாஸ்திரத்துக்குச் சில விசேஷ விதிகள் உண்டு. அது நூற்பாலைகளின் ஊர்; பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்லின் காலம் முதல் அவ்வூரில் பொழுது புலர்வது சூரியனால் பாதியும் ஆலைச் சங்கால் பாதியும் என்று சொல்லலாம். ஆகையால் அங்கே நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கும்போது பஞ்சாங்கத்தோடு ஷிப்டு அட்டவணையையும் விரித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ராகுகாலத்துக்கு விலக்குத் தரும் சாஸ்திரிகள் உண்டு; இரவு ஷிப்டுக்கு விலக்குத் தரும் மேஸ்திரியைக் காண்பது அரிது. மேலும், ராஜு சமூகத்தார் வீட்டில் அதே செய்தியை உள்ளே தெலுங்கிலும் வாசலில் தமிழிலும் இருமுறை சொல்ல வேண்டியிருப்பதால், ஆனந்தமும் இரட்டிப்பாகிறது என்று கொள்க. 2005-ஆம் ஆண்டில் தபால் தலை ஏறிய ராஜபாளையம் நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்நியரைக் கண்டால் வாசலிலேயே நிறுத்திவிடும் அவ்வெள்ளை ஜாதி நாய், பால்கோவாப் பெட்டியோடு வருகிறவரை உறவினர் என்று ஏற்றுக்கொள்வதாக ஓர் ஐதிகம் உண்டு. இதைப் பரீட்சித்துப் பார்க்க எனக்குத் துணிவு ஏற்படவில்லை.

போனது திரும்பி வரவேண்டும் என்னும் மொய் நியாயம் பால்கோவாவுக்கும் பொருந்துமா என்று ஒரு சந்தேகம் எழலாம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலையே கேட்டால் விடை கிடைக்கும். அங்கே ஆடிப் பூரம் ஆண்டாளுக்குப் பிறந்த நாள், பங்குனி உத்திரம் கலியாண நாள். ஒரே பெண்ணுக்குப் பிள்ளை விசேஷமும் கலியாண விசேஷமும் ஆண்டு தவறாமல் நடக்கின்றன. புரட்டாசியில் அவள் சூடிக் களைந்த மாலை திருப்பதிப் பிரமோற்சவத்துக்குப் போகிறது. பங்குனிக் கலியாணத்துக்குத் திருப்பதியிலிருந்து பட்டு வருகிறது. ஆடித் தேருக்குத் திருவரங்கத்துப் பட்டு வருகிறது. சித்திரையில் மதுரைக் கள்ளழகருக்கும் மாலை போகிறது. தெய்வங்களே வரவும் செலவும் பார்த்து நடந்துகொள்ளும் ஓர் ஊரில், போன வருஷம் அரைக் கிலோ வாங்கியவர் இந்த வருஷம் தம் வீட்டுப் பேரனுக்குக் கால் கிலோ அனுப்பினால் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கச் சொல்வது அநியாயம்.

இச்சாஸ்திரத்தின் மிக நேர்த்தியான அம்சம் அதன் காலவரையறை. அசல் பால்கோவா குளிர்ப்பெட்டியின் தயவில்லாமல் ஒரு வாரத்துக்குமேல் தாங்காது. புதுப் பேரன் பிறந்த செய்தியும் ஏறக்குறைய அவ்வளவு நாளே புதுச் செய்தியாக இருக்கிறது. எட்டாம் நாள் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் புளித்த பண்டத்தையும் பழைய சேதியையும் ஒருசேரக் கொடுத்த பாவத்துக்கு ஆளாகிறார்.

ஆதலால், பேசி முடித்த வீட்டாருக்கும் பிள்ளை பெற்ற வீட்டாருக்கும் ஒரு விண்ணப்பம்: கடைக்காரரிடம் அன்று கிண்டியதா, முந்தின நாள் கிண்டியதா என்று கேட்டு வாங்குங்கள்; பெரியம்மா வீட்டுக்கு முதல் நாளே போய்விடுங்கள்; சம்பந்தி வீட்டுக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் எடுத்துச் செல்லுங்கள்.